ஞானஸ்நானம் பெற்ற யூதர் யூதரா? ஒரே கேள்விக்கு மூன்று சட்டங்களின் பதில்

யூதக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் இயேசுவை ஏற்று ஞானஸ்நானம் எடுக்கிறார். மறுநாள் காலையில் அவர் யூதரா, இல்லையா? நம்மூரில் இந்தக் கேள்வியைப் போட்டால், “மதம் மாறிட்டாரே, அப்புறம் என்ன யூதர்?” என்று பட்டென்று பதில் வரும். சபைகளில் கேட்டால் நேர்மாறாக, “இப்போதுதான் அவர் முழு யூதர்” என்பார்கள். இன்னொரு பக்கம், ஓய்வுநாளை ஆசரித்து, பன்றி இறைச்சியை விலக்கி, கொம்பு ஊதித் தொழும் கிறிஸ்தவர்களில் சிலர், தாங்களும் இஸ்ரவேலில் சேர்ந்துவிட்டதாகவே நினைக்கிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம், ‘யூதர்’ என்ற ஒரே சொல்லை மூன்று தரப்பினர் தனித்தனியாக எடைபோடுவதுதான். யூத மதச் சட்டம் ஒன்று, திருச்சபையின் சட்டம் ஒன்று, இஸ்ரேல் நாட்டின் அரசுச் சட்டம் ஒன்று. மூன்றும் ஒரே ஆளைப் பார்த்து மூன்று விதமாகப் பேசும். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

சங்கமா, குடும்பமா?

ஒரு வாசகர் வட்டத்தில் சந்தா கட்டிச் சேர்கிறோம்; பிடிக்காவிட்டால் விலகுகிறோம். விலகிய பிறகு நாம் அதன் உறுப்பினர் இல்லை. கிறிஸ்தவம் ஏறக்குறைய இப்படி விசுவாசத்தின் பேரில் சேரும் இடம். கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகூட ஞானஸ்நானம் பெற்றபின்தான் திருச்சபையின் உறுப்பினர்.

குடும்பம் அப்படியில்லை. அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போன மகனின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுக்கலாம், பேச்சுவார்த்தையை நிறுத்தலாம். அவன் மகன் என்பதை யாரும் எடுக்க முடியாது. யூத அடையாளம் இந்த இரண்டாவது வகை. அதில் விசுவாசமும் உண்டு, வழிபாடும் உண்டு, ஆனால் அடித்தளம் பிறப்பு. யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பிலேயே இந்தத் தாய்வழி விதி இருக்கிறது. பிறப்பால் வராதவருக்கு ஒரு வாசல் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

கைதியின் குடியுரிமை

யூத மதச் சட்டத்துக்கு ஹலாகா என்று பெயர். தோரா எனப்படும் மோசேயின் ஐந்து நூல்கள், அவற்றை விளக்கும் தல்மூது, ரபிகள் எனப்படும் பிற்கால யூத மத அறிஞர்களின் தீர்ப்புகள் எல்லாம் சேர்ந்தது அது. கிறிஸ்தவராக மாறிய யூதரை ஹலாகா எப்படிப் பார்க்கிறது?

ஒரு சிறைக் கைதியை நினைத்துக்கொள்ளுங்கள். குற்றம் செய்து தண்டனை அனுபவிக்கும் இந்தியக் கைதி ஓட்டுப் போட முடியாது. அதற்காக அவர் இந்தியக் குடிமகன் இல்லை என்று ஆகிவிடுமா? வரி கட்ட வேண்டியிருந்தால் கட்டத்தான் வேண்டும். உரிமைகள் சுருங்கும், கடமைகள் அப்படியே நிற்கும்.

மதம் மாறிய யூதரின் நிலை இதேதான். அவரை எபிரேயத்தில் மெஷூமாத் என்பார்கள். விசுவாசத்தைத் துறந்தவர் என்று பொருள். கூட்டு ஜெபத்துக்கு வேண்டிய பத்துப் பேரில் அவரை ஒருவராக எண்ண மாட்டார்கள். அவர் சாட்சி செல்லாது. ஆனால் ஓய்வுநாள், உணவு விதிகள், திருமண விதிகள் எதுவும் அவரைவிட்டுப் போகவில்லை. அவர் கடைப்பிடிக்காமல் இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது ஒரு யூதர் செய்யும் மீறல், அவ்வளவே.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது தல்மூதில் சன்ஹெத்ரின் பகுதியில் வரும் ஒரு வாக்கியம். யோசுவாவின் காலத்தில் ஆகான் என்பவன் எரிகோவின் கொள்ளைப்பொருளைத் திருடியபோது, “இஸ்ரவேல் பாவம் செய்தது” என்று கடவுள் சொல்கிறார். பாவம் செய்த பிறகும் இஸ்ரவேல் என்றே அழைப்பதைப் பார், பாவம் செய்தாலும் அவன் இஸ்ரவேலன்தான் என்று தல்மூது பொருள் சொல்கிறது. மூல இடத்தில் இது மதமாற்றத்தைப் பற்றிய பேச்சே இல்லை. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷி (1040–1105) என்ற பேரறிஞர் அதை எடுத்து மதம் மாறியவர்களுக்குப் பொருத்தினார். யூதர்களைக் கட்டாயமாக ஞானஸ்நானத்துக்கு இழுத்த காலம் அது. தண்ணீரில் முக்கியதால் யூதத்தன்மை கரைந்துவிடாது என்ற தீர்ப்பு எத்தனை பேருக்குத் திரும்பும் வழியைத் திறந்து வைத்திருக்கும் என்று யோசித்தால் அதன் கனம் புரியும்.

ஒரு செருப்பில் தெரியும் சட்டம்

இது ஏட்டளவு தத்துவம் இல்லை. திருமணத்தில் பாருங்கள்.

ஒரு யூதப் பெண்ணின் கணவர் கிறிஸ்தவராகி வேறு ஊருக்குப் போய்விடுகிறார். “அவர்தான் யூதரே இல்லையே, கல்யாணம் முறிந்தது” என்று அவள் மறுமணம் செய்ய முடியாது. கெத் என்ற விவாகரத்துப் பத்திரத்தை அவர் தன் சம்மதத்தோடு அவள் கையில் சேர்க்க வேண்டும். தராவிட்டால் அவள் ‘அகுனா’, அதாவது கட்டுண்டவள். யூதராக இருக்க விரும்பாத அந்த மனிதரின் யூதத்தன்மையே அவளைக் கட்டி வைக்கிறது.

இதைவிடக் கடினமானது கொழுந்தன் விவகாரம். பிள்ளை இல்லாமல் கணவன் இறந்தால், அவன் சகோதரன் விதவையை மணக்க வேண்டும், இல்லையென்றால் ஹலிட்சா என்ற சடங்கின் வழியே அவளை விடுவிக்க வேண்டும் என்பது உபாகமம் 25ஆம் அதிகாரத்தின் விதி. ரபிகளின் மன்றத்தில் அவன் காலில் இருக்கும் தோல் செருப்பின் வாரை அவள் அவிழ்த்துக் கழற்றி, அவன் முன்னால் தரையில் துப்பி, குறிப்பிட்ட வாசகங்களைச் சொல்வாள். அதன் பிறகே அவள் வேறொருவரை மணக்கலாம். அந்தச் சகோதரன் ஞானஸ்நானம் பெற்றுவிட்டான் என்றால்? அவளை அப்படியே விட்டுவிடலாம் என்று சில பழைய அறிஞர்கள் வழி தேடினார்கள். ராஷி ஒப்பவில்லை. அவன் சகோதரன்தான், தேடிப் பிடித்து, அவன் காலிலிருந்து செருப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்றார். பாவம் செய்தாலும் இஸ்ரவேலன் என்ற பெருந்தன்மையான வாக்கியத்தின் பாரத்தை அதிகம் சுமந்தவர்கள் பெண்கள்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: யூதராகப் பிறந்தவர் கிறிஸ்தவரானாலும் ஹலாகாவின்படி யூதரே. அவருக்குச் சலுகைகள் போகும், கடமைகளும் உறவுக் கட்டுகளும் போகாது.

எதிர்த் திசைக் கேள்வி: புறஜாதியார் யூதராக வேண்டுமா?

முதல் நூற்றாண்டில் பிரச்சினை தலைகீழாக இருந்தது. இயேசுவைப் பின்பற்றிய முதல் கூட்டத்தார் எல்லோரும் யூதர்கள். அவர்கள் யூதர்களா என்று யாரும் கேட்கவில்லை. கிரேக்கர்கள், ரோமர்கள் போன்ற புறஜாதியார், அதாவது யூதரல்லாதவர்கள், வந்து சேரத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது: இவர்கள் விருத்தசேதனம் செய்து, மோசேயின் நியாயப்பிரமாணத்தை ஏற்று, முதலில் யூதராக வேண்டுமா?

கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிப் பேசினார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தில் முடிவு இருக்கிறது. விருத்தசேதனம் தேவையில்லை, விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்த மிருகம், வேசித்தனம் ஆகிய நான்கையும் விலக்கினால் போதும்.

நம்மவர்கள் பலர் தவறாகப் படிப்பது இந்த இடத்தைத்தான். ‘நியாயப்பிரமாணம் ஒழிந்தது’ என்று அந்தக் கூட்டம் தீர்மானித்ததாக நினைக்கிறார்கள். கூட்டத்தில் பேசப்பட்டது புறஜாதியாரைப் பற்றி மட்டுமே. யூத விசுவாசிகள் நியாயப்பிரமாணத்தை விட வேண்டும் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை. 21ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் எருசலேமுக்கு வரும்போது, ஆயிரக்கணக்கான யூத விசுவாசிகள் நியாயப்பிரமாணத்துக்காக வைராக்கியமாக இருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்கிறார்கள். பொருத்தனை செய்த நான்கு பேருடைய செலவை ஏற்று, பவுலே அவர்களோடு ஆலயத்துக்குப் போகிறார்.

பவுலின் இரண்டு உதவியாளர்களை அருகருகே வைத்தால் கணக்கு விளங்கும். தீத்து கிரேக்கன், அவனுக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று பவுல் உறுதியாக நின்றார். தீமோத்தேயுவின் தாய் யூதப்பெண், தந்தை கிரேக்கன். அவனுக்கு விருத்தசேதனம் செய்வித்தார். தாய்வழி விதி அன்றைக்கே முழு வடிவில் இருந்ததா என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. ஆனாலும் பவுல் எல்லாரையும் ஒரே தராசில் வைக்கவில்லை என்பது தெரிகிறது. விருத்தசேதனம் செய்துகொள்கிறவன் நியாயப்பிரமாணம் முழுவதற்கும் கடன்பட்டவன் என்று கலாத்தியருக்கு எழுதியபோது அவர் சொன்னது இதைத்தான்: அந்த வாசலில் பாதி நுழைவது என்று ஒன்று கிடையாது.

அந்த விஷயத்தில் ரபிகளும் பவுலோடு ஒத்துப்போவார்கள். கூடாரப் பண்டிகை கொண்டாடுவதாலோ ஏழாம் நாள் ஓய்வதாலோ ஒரு கிறிஸ்தவர் யூதராவதில்லை. சொல்லப்போனால், யூதரல்லாதவர் ஓய்வுநாளை முழுமையாக ஆசரிப்பதைத் தல்மூது தடுக்கவே செய்கிறது. யூதராக மாறப் படித்துக்கொண்டிருப்பவர்களும் மாற்றம் முடியும்வரை ஒவ்வொரு ஓய்வுநாளிலும் ஒரு சிறு விதியை வேண்டுமென்றே மீறுவது வழக்கம்: ஒரு தீக்குச்சி கொளுத்துவார்கள், அல்லது ஒரு விளக்கைப் போடுவார்கள்.

திருச்சபையும் வெளியே விடவில்லை

ஹலாகா மட்டுமல்ல, திருச்சபையும் தன் அடையாளத்தைக் கழற்ற விடாது. ஞானஸ்நானம் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கிறது என்பது கத்தோலிக்கப் போதனை. 633இல் ஸ்பெயினின் தொலேதோ நகரில் கூடிய நான்காவது சங்கம், யூதர்களை வற்புறுத்தி மதம் மாற்றக் கூடாது என்றது. ஆனால் ஏற்கெனவே வற்புறுத்தி மாற்றப்பட்டவர்கள் கிறிஸ்தவர்களாகவே நீடிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது.

இரண்டு விதிகளையும் ஒருவர் தலையில் வைத்துப் பாருங்கள். 1391 கலவரங்களில் உயிர் பிழைக்க ஞானஸ்நானம் பெற்ற ஸ்பானிய யூதர், ரபிகளுக்கு யூதர், ஆயருக்குக் கிறிஸ்தவர். இப்படிக் கட்டாயத்தால் மாறியவர்களை யூதச் சட்டம் ‘அனூசிம்’, வற்புறுத்தப்பட்டோர், என்று தனியாகப் பெயரிட்டு மென்மையாக நடத்தியது. மதத் துரோகத்தை விசாரித்துத் தண்டித்த திருச்சபையின் விசாரணை மன்றம் (Inquisition) அவர்களை அப்படி நடத்தவில்லை. அந்த மன்றம் யூதர்களை யூதர்களாக இருந்ததற்காகத் தண்டித்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அதன் அதிகாரம் ஞானஸ்நானம் பெற்றவர்கள்மீதுதான். யூத வழக்கப்படி ஓய்வுநாளுக்காக வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றிய, யூதத்திலிருந்து மாறிய ‘புதுக் கிறிஸ்தவர்’தான் அதன் முன்னால் நிறுத்தப்பட்டார், கிறிஸ்தவ மதத்துக்குத் துரோகம் செய்தவர் என்ற குற்றச்சாட்டில்.

அதன் கை இந்தியாவரை நீண்டது. கோவாவில் 1560இல் விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. இந்திய மூலிகைகளைப் பற்றி 1563இல் கோவாவிலேயே நூல் அச்சிட்ட மருத்துவர் கார்சியா த ஓர்த்தா அத்தகைய ‘புதுக் கிறிஸ்தவ’க் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1568இல் இறந்தார். 1580இல் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார்கள். செத்து 12 ஆண்டுக்குப் பிறகும் அவர் எந்தப் பக்கத்தவர் என்ற வழக்கு ஓயவில்லை.

ஆக, மதச் சட்டங்கள் இரண்டும் ஒருவரைப் பிடித்த பிடியை விடுவதில்லை. விட்டது மூன்றாவது சட்டம்தான்.

துறவியின் வழக்கு

1950 ஜூலை 5 அன்று இஸ்ரேல் நாடாளுமன்றம் ‘திரும்பி வரும் சட்டம்’ இயற்றியது. ஒவ்வொரு யூதருக்கும் அந்த நாட்டில் குடியேறும் உரிமை உண்டு என்றது. யூதர் என்றால் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

12 ஆண்டு கழித்து இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் ஏறிய ஆள், கார்மேல் சபைத் துறவி சகோதரர் டேனியல். இயற்பெயர் ஆஸ்வால்ட் ரூஃபைசன். 1922இல் போலந்தில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். போரின்போது தன் அடையாளத்தை மறைத்து, மீர் என்ற ஊரில் ஜெர்மானியக் காவலர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அங்கிருந்த யூதர்களைக் கொல்ல நாள் குறித்திருப்பது தெரிந்ததும் முன்கூட்டியே தகவல் கொடுத்தார். 1942 ஆகஸ்டில் ஏறத்தாழ 200 முதல் 300 பேர் காட்டுக்குள் தப்பினார்கள். தானும் பிடிபட்டுத் தப்பி ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கிறிஸ்தவரானார், போருக்குப் பின் குருவானார். 1959இல் ஹைஃபாவின் ஸ்டெல்லா மாரிஸ் மடத்துக்கு வந்து, “என் மதம் கத்தோலிக்கம், என் இனம் யூதம், திரும்பி வரும் சட்டப்படி என்னைச் சேருங்கள்” என்று கேட்டார். அரசு மறுத்தது.

1962 டிசம்பரில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். முதன்மைத் தீர்ப்பை எழுதிய மோஷே சில்பெர்க், ஹலாகாவைக் கேட்டால் டேனியல் யூதரே என்று ஒப்புக்கொண்டார். ஆனால் திரும்பி வரும் சட்டம் நாடாளுமன்றம் இயற்றிய மதச்சார்பற்ற சட்டம்; அதிலுள்ள சொல்லுக்குச் சாதாரண மக்கள் என்ன பொருள் கொள்கிறார்களோ அதுவே பொருள்; கிறிஸ்தவராகிவிட்டவரைச் சாதாரண யூதர் எவரும் யூதர் என்று அழைப்பதில்லை என்றார். தனித்து நின்ற ஹைம் கோன், நல்லெண்ணத்தோடு தன்னை யூதர் என்று அறிவிப்பவரை ஏற்க வேண்டும் என்று எழுதினார்.

மதச் சட்டத்தைக் கையில் எடுத்திருந்தால் துறவி வென்றிருப்பார். மதச்சார்பற்ற சட்டம்தான் அவரைத் தோற்கடித்தது. இந்தப் பொருளில் நான் கண்ட மிக ஆழமான முரண் இதுதான். தமிழ் வாசகருக்கு இதன் சாயல் புதிதாக இருக்காது. இந்தியாவில் அதே 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதி போய்விடுகிறது. ஊரார் கண்ணில் சாதி போவதில்லை. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சமூகம் வைத்திருக்கும் அடையாளமும் அரசு வைத்திருக்கும் பட்டியலும் வேறுவேறு என்பது இரண்டிலும் தெரிகிறது.

டேனியல் பிறகு சாதாரண வழியில் விண்ணப்பித்து இஸ்ரேல் குடியுரிமை பெற்றார். 1998இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

1970க்குப் பிறகு

1970இல் சட்டத்தைத் திருத்தினார்கள். யூதர் என்றால் யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூதத்துக்கு மாறியவர், அத்துடன் வேறு மதத்தைச் சேராதவர் என்று வரையறை வந்தது. கூடவே, யூதரின் பிள்ளை, பேரப்பிள்ளை, இவர்களுடைய வாழ்க்கைத் துணை ஆகியோருக்கும் குடியேறும் உரிமை கொடுத்தார்கள். யூதராக இருந்து தன் விருப்பத்தால் மதம் மாறியவருக்கு மட்டும் கிடையாது.

இயேசுவை மேசியாவாக ஏற்றுக்கொண்டும் யூத வழக்கங்களைக் கைவிடாதவர்கள் மேசியானிய யூதர்கள். அவர்களும் ‘வேறு மதத்தைச் சேர்ந்தவர்’களே என்று 1989 டிசம்பரில் பெரஸ்ஃபோர்ட் வழக்கில் தீர்ப்பானது. 2008இல் இன்னொரு திருப்பம். தாய் யூதரல்லாத, தந்தைவழியில் மட்டும் யூத வேர் கொண்ட மேசியானிய விசுவாசிகள் வழக்குத் தொடுத்து வென்றார்கள். ஹலாகாப்படி அவர்கள் ஒருநாளும் யூதராக இருந்ததில்லை. இல்லாததை விட்டு மாறியதாகச் சொல்ல முடியாது. ஆகவே ‘யூதரின் பிள்ளை’ என்ற வரியில் அவர்களுக்கு உரிமை உண்டு.

நிதானமாகப் படியுங்கள்: தாய் யூதர் என்றால் மதச் சட்டப்படி யூதர், மதம் மாறியதால் அரசு உரிமை இல்லை. தந்தை மட்டும் யூதர் என்றால் மதச் சட்டப்படி யூதரல்ல, அரசு உரிமை உண்டு.

கிறிஸ்தவர் யூதராக விரும்பினால்

இதற்கான முறைக்கு கியூர் என்று பெயர். ரபியிடம் போனால் முதலில் திருப்பி அனுப்புவார். உறுதியைச் சோதிக்கும் பழைய வழக்கம் அது. படிப்புக்குப் பெரும்பாலும் ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். பிறகு மூன்று பேர் கொண்ட பேத் தின், அதாவது மத மன்றம், கேள்வி கேட்கும். ஆணுக்கு விருத்தசேதனம், மருத்துவக் காரணத்துக்காக முன்பே செய்திருந்தால் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். கடைசியில் மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுக்கு. அதில் குறைந்தது 40 சேயா, அதாவது கணக்கிடும் முறையைப் பொறுத்து சுமார் 330 முதல் 575 லிட்டர், மழை அல்லது ஊற்றுநீர் இருக்க வேண்டும். மோதிரம், நகப்பூச்சு, கட்டுத்துணி எதுவும் உடலில் இருக்கக் கூடாது. ஒரு கற்றை முடி நீருக்கு மேலே மிதந்தாலும் முழுக்கு செல்லாது, மறுபடி முங்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் படி குளத்தில் இல்லை, மன்றத்தில் இருக்கிறது. கட்டளைகள் அனைத்தையும் ஏற்கிறேன், இயேசுவையும் மேசியாவாக வைத்துக்கொள்கிறேன் என்றால் மன்றம் ஏற்காது. மிசோரம், மணிப்பூரில் கிறிஸ்தவர்களாக இருந்து யூத வாழ்வுக்குத் திரும்பிய பினெய் மெனாஷே மக்களை இஸ்ரவேல் வழித்தோன்றல்கள் என்று 2005இல் இஸ்ரேலின் தலைமை ரபி ஷ்லோமோ அமார் அங்கீகரித்தார். அவர்களுக்கும் முழு கியூர் கட்டாயம் என்றே சொன்னார்.

மாறிய பிறகு மனம் மாறித் தேவாலயத்துக்கே திரும்பினால்? யெவாமோத் என்ற தல்மூதுப் பகுதியின் விதிப்படி அவர் பழைய கிறிஸ்தவர் இல்லை, மதம் துறந்த யூதர். கைதிக் கணக்கு அவருக்கும் பொருந்தும்.

பிறந்த யூதர் திரும்பி வந்தால்

அவருக்கு கியூர் தேவையில்லை. விட்டுப் போகாதவர் மறுபடி சேர வேண்டியதில்லை. ஆனாலும் ரபிகளின் ஏற்பாட்டின்படி மூன்று பேர் முன்னால் கட்டளைகளை ஏற்பதாகச் சொல்லி, மிக்வேயில் ஒருமுறை முங்கி எழுவார்.

சிரமம் அவருடைய பேத்தி, கொள்ளுப்பேத்திகளுக்குத்தான். நான்கு தலைமுறைக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெண்ணின் மகள், மகளின் மகள் என்று தாய்வழி அறாமல் வந்திருந்தால், வாழ்நாள் முழுக்க ஞாயிறு ஆராதனைக்குப் போனவரும் ஹலாகாப்படி யூதர். அதைக் காட்டக் காகிதம் வேண்டும்: பாட்டியின் யூதத் திருமண ஒப்பந்தம், எபிரேய எழுத்துள்ள கல்லறைக் கல்லின் படம், ஊர்ப் பதிவேடு. இடையில் ஒரு கண்ணி ஐயமாக இருந்தாலும் மன்றம் ‘சந்தேகத்துக்காக’ ஒரு கியூர் செய்யச் சொல்லும். அந்த முழுக்கில் வழக்கமான ஆசீர்வாத வாசகத்தைச் சொல்வதில்லை. அவர் பிறவியிலேயே யூதராக இருந்தால், கடவுளின் பெயரைத் தேவையில்லாமல் எடுத்ததாக ஆகிவிடுமே.